கேக் வெட்டாத வெள்ளிக்கிழமை

இந்த வருடம் பாதுகாப்புப் பிரதிநிதிகளாகத் தெரிவாகியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் சட்டம் படிப்பிக்கப் போவதில்லை. சட்டம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், நோர்வே மொழியை என்னைவிட வேகமாக வாசிப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒரு கேக்கைப் பற்றி. வேலைத்தளத்தில் யாராவது இலவசமாகக் கேக் தந்தால், சாப்பிடுவதற்கு முன் எதற்காக என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால் இந்தப் பொறுப்பை இன்றைக்கே வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

என் உழைப்புக் காலம் முழுவதும் போனது ஒரு சலவை ஆலையில். அங்கே தொழிலாளர் தெரிந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி நான். ஒஸ்லோவின் ரொம்சோஸ் மாடிவீடுகளிலிருந்து இறங்கி ஒரு பஸ் ஏறினால் வந்துவிடும். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல்களின் துவாய்களும் அங்கேதான் வந்து வெளுத்துப் போகும். உள்ளே எப்போதும் ஈரமும் ஆவியும். மண்டபத்தின் நடுவே, துணியை இஸ்திரி போட்டு மினுக்கும் பெரிய உருளை நிற்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து அதன் வாயில் கொடுத்தால், சூடான உருளைக்கு அடியில் போய் அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வரும். அந்த வாய்க்கு முன்னால், முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய தடி இருக்கும். விரல் அதில் பட்டாலே உருளை நின்றுவிட வேண்டும். இந்தக் கதைக்கு இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த மண்டபத்தில் பாதிக்குமேல் எங்கள் தமிழ் ஆட்கள். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் அல்ல, ஒருவரை ஒருவர் சேர்த்துவிட்டு வந்தவர்கள். சேர்த்துவிட்டவர் என்று பார்த்தால் அநேகமாக ஒரே ஆள்தான்: எங்கள் பகுதி மேற்பார்வையாளர் சிவநேசன் அண்ணை. அகதியாக வந்து இறங்கி, பாசை தெரியாமல் பனிக்குள் நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மேலாளர் முன்னால் நிறுத்தி, "நல்லா வேலை செய்யும்" என்று பொறுப்பு நின்றவர். என்னையும் அப்படித்தான் சேர்த்தார். கோயில் தேருக்கு வடம் பிடிக்கும்போது முதல் ஆளாக நிற்பவரும் அவர்தான். அந்த மண்டபத்தில் யாராவது காயப்பட்டேன் என்று வாய் திறந்தால், அது சிவநேசன் அண்ணை மேல் குறை சொன்னதாகிவிடும். இது எழுதி வைத்த விதியல்ல. நாங்கள் தாய்ப்பாலோடு குடித்துவிட்டு விமானம் ஏறிய விதி.

இதற்கிடையில் ஆலை கைமாறியது. ஐரோப்பாவில் பல நாடுகளில் சலவை ஆலைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கியது. எல்லா நாட்டுக்கும் ஒரே பாதுகாப்புக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். விபத்து பதிவாகாத மாதத்தில் அதில் பச்சை விளக்கு எரியும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கேக். கொள்கையைத் தமிழிலும் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டினார்கள். "விபத்தின்மையே நமது விழுமியம்" என்று இருந்தது. விழுமியம் என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரியாக வந்துபோகும் கார்த்திக்கிடம் கேட்டோம். கோயம்புத்தூரில் படித்த பொறியியலாளர், மரியாதையான பிள்ளை. அவரும் சுவரை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ஏதோ நல்ல விஷயம்தான்க்கா" என்றார்.

அதன்பிறகு மாதா மாதம் பச்சை விளக்கு. மாதா மாதம் கேக், மேலே மார்சிபான் என்ற பாதாம் இனிப்புப் போர்த்து, நடுவில் கொடி குத்தி. அதே காலத்தில் எங்கள் பெண்களுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. சின்ன வயதிலிருந்து அடுப்படியில் நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று சமைக்க மறந்துபோனார்கள். ஒருத்திக்குத் தோசைக்கல் சுட்டது, ஒருத்திக்குக் கேத்தல் சுட்டது, இன்னொருத்தி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எல்லாம் வீட்டில். ஆலைக்குள் நுழைந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. அப்படிப் பார்த்தால் ஒஸ்லோவிலேயே பாதுகாப்பான இடம் எங்கள் உருளையின் வாய்தான்.

பிறகு சுமதியின் கை. கலியாணம் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகாத பெண், வீட்டில் கைக்குழந்தை. தற்காலிக ஒப்பந்தம். ஒரு நாள் வலக்கையில் கட்டுப்போட்டுக்கொண்டு, துவாய் மடிக்கும் மேசையில் நின்றாள். மதிய இடைவேளையில் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் போய்விட்டேன். நான்கு விரல்களின் புறத்திலும் குறுக்காக ஒரே கோடு, தோல் வெந்து கிடந்தது.

"என்ன பிள்ளை கையிலை?"

"வடை சுட்டனான் அக்கா. எண்ணெய் தெறிச்சுப் போச்சு."

"எண்ணெய் எப்ப பிள்ளை அடிமட்டம் வைச்சுக் கோடு கீறித் தெறிக்கப் பழகினது?"

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், என்ரை கையைப் பற்றி ஒருத்தரோடையும் கதையாதேங்கோ. சிவநேசன் அண்ணைதான் என்னை இஞ்சை சேர்த்துவிட்டவர். என்னாலை அவருக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது. ஒப்பந்தமும் முடியப் போகுது."

கதைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு நேரே மேலாளரிடம் போய் "சுமதிக்குக் காயம்" என்று சொல்லும் பிரதிநிதிகளை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரமாட்டாள், அதற்கடுத்த நாள் உங்களோடு ஒருவரும் பேசமாட்டார்கள். கை அவளுடையது. அதைப் பற்றிச் சொல்வதா இல்லையா என்பது அவள் விருப்பம். ஆனால் உருளை அவளுடையதல்ல. உருளையைப் பார்க்க எனக்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்த நாள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. கார்த்திக் வந்திருந்தார், கையில் ஒரு கண்ணாடிக் கேடயம். நீண்ட காலம் விபத்தே இல்லாத ஆலை என்று எங்களை ஐரோப்பாவுக்கே முன்மாதிரியாக அறிவிக்கப்போகிறார்களாம். நான் காலையிலேயே உருளைக்குப் போய் அந்தத் தடியை விரலால் தொட்டேன். உருளை ஓடிக்கொண்டே இருந்தது. அமத்திப் பார்த்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், தடியின் இரண்டு முனையையும் அசையாதபடி கிழிந்த விரிப்புத் துண்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல இறுக்கமான முடிச்சு. தேர் வடம் கட்டியவனின் முடிச்சு.

அவசரத்துக்கு உருளையை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இழுத்தேன். உருளை நின்றது. அறிவிப்பு அட்டையைத் தொங்கவிட்டு, நேரே மேலாளரின் அறைக்குப் போய்ச் சொன்னேன்: பாதுகாப்புப் பிரதிநிதி என்ற முறையில் இந்த இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறேன், அரசாங்க வேலைத்தளப் பரிசோதகர்களுக்கும் அறிவிக்கிறேன். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் நிறுத்தும் உரிமை இந்த நாட்டில் நமக்கு உண்டு. நிறுத்தியதால் வரும் நட்டத்துக்கு நாம் பொறுப்பல்ல. இதைப் பாடமாக்கி வையுங்கள், மூச்சு வாங்கும் நேரத்தில் தேடிப் பார்க்க முடியாது.

மேலாளர் நோர்வேப் பெண், கெட்ட மனுசி அல்ல. "ஆஸ்பத்திரி லொறி கீழே நிற்கிறது. நோயாளிகளை வெறும் கட்டிலில் படுக்கச் சொல்லவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு முன்னால்தான் பலர் வழுக்கி விழுவார்கள். நான் சொன்னேன்: "பக்கத்து நகரம் திராமனில் உங்களுக்கு இன்னொரு ஆலை இருக்கிறது. ஒரு அழைப்பு எடுங்கள்." எடுத்தார். விரிப்பு கிடைத்தது. உருளை ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் அந்தத் தொலைபேசி இலக்கம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது சிவநேசன் அண்ணை உருளைக்குப் பக்கத்தில் நின்றார். முகம் கறுத்திருந்தது.

"மலர், என்ன விசர் வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"இந்தக் கட்டு ஆர் கட்டினது அண்ணை?"

"நான்தான் கட்டினனான். தடி பழுது. துணி கொஞ்சம் சுருண்டாலே நிண்டு போகுது. திருத்தித் தாங்கோ எண்டு கேட்டுக் கேட்டு என்ரை வாய் உளைஞ்சு போச்சு. ஒருத்தனும் வரேல்லை. அப்ப லொறிக்கு விரிப்பு ஆர் முடிச்சுக் குடுக்கிறது, உம்மடை சட்டமோ?"

அவர் சொன்னது பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக முடிச்சு நியாயமாகிவிடாது. அவர் குரலைத் தாழ்த்தினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி, உமக்கு இந்த வேலை எடுத்துத் தந்தது ஆர் எண்டு மறந்து போச்சோ?"

"மறக்கேல்லை அண்ணை. வேலை எடுத்துத் தந்தது நீங்கள். விரல் தந்தது நீங்கள் இல்லை."

அவரை அப்படி எதிர்த்துப் பேச ஒருவரும் துணிந்ததில்லை. 

கார்த்திக் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அக்கா, நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா ஒரு ப்ரொசீஜர் இருக்குல்ல? முதல்ல சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், அவர் மேனேஜர்கிட்ட சொல்லுவார், அவங்க சரின்னா நிறுத்தலாம். நம்ம எல்லா பிளான்ட்லயும் இதான்."

"தம்பி, கட்டினதே சூப்பர்வைசர்தான். அவரிட்டைப் போய் என்னத்தைச் சொல்லுறது?"

"இந்த ஒரு இடத்துலதான்க்கா இப்படி. மத்த நாட்ல எல்லாம் ரொம்ப கிளீன். போர்டு எல்லாம் பச்சை."

"ஓம், எங்கட பலகையும் பச்சைதான். அப்பிடியெண்டால் ஒரு வேலை செய்யும். ஒவ்வொரு இடத்து மெக்கானிக்கிட்டையும் இந்தத் தடியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லும். குற்றம் பிடிக்கிற மாதிரிக் கேக்காதையும். சும்மா, உங்கட இடத்திலை எப்பிடி நிக்குது எண்டு கேளும்."

என்னைப் பொய்யாக்கத்தான் அவர் கைபேசியை எடுத்தார் என்று நினைக்கிறேன். எடுத்து, எல்லா ஆலை மெக்கானிக்குகளும் இருக்கும் குழுவில் எழுதிப் போட்டார்.

மதியமாயிற்று. கேக் வந்துவிட்டது. நிலைமை கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மேலாளர் எல்லாரையும் சாப்பாட்டு அறைக்கு அழைத்தார். எங்கள் ஆட்கள் என் மேசைக்கு வரவில்லை. என் பக்கத்துக் கதிரை இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. ஆவி பறக்கும் மண்டபத்தில் வாழ்நாள் முழுக்க ஒன்றாக நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது எனக்கு வலித்தது. வலித்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தக் கட்டை அவிழ்க்காமல் உருளையை ஓட விடலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

சிவநேசன் அண்ணை எழும்பி நின்று, மேலாளருக்கும் விளங்கட்டும் என்று முதலில் நோர்வே மொழியிலும், பிறகு தமிழிலும் கேட்டார். "இத்தினை காலம் இஞ்சை ஆருக்காவது ஏதும் நடந்திருக்கோ? நடந்திருந்தால் சொல்லுங்கோ. எல்லாரும் இருக்கிறம்தானே."

எல்லாரும் தங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேக்கையே பார்த்தேன். தப்பித் தவறியும் சுமதி இருந்த பக்கம் என் கண் போகக்கூடாது என்று பிடிவாதமாகக் கேக்கில் குத்தியிருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கு என்றால் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஆலையில் ஒரு பழக்கம் இருந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்தான் கேக் வெட்ட வேண்டும். மேலாளர் எதையும் யோசிக்காமல், புன்னகையோடு கத்தியைச் சுமதியிடம் நீட்டினார். சுமதி எழும்பினாள். வலக்கையை நீட்டி, கட்டுக்குள்ளிருந்து விரல் மடியாமல், பின்னால் எடுத்தாள். இடக்கையால் வாங்கினாள். நல்ல காரியத்துக்கு இடக்கை நீட்டுவதை எங்கள் ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். கத்தி கேக்குக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் அதை மேசையில் வைத்தாள்.

"நான் வெட்டமாட்டன்" என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. "என்ரை கை வீட்டிலை சுட்டதில்லை."

சிவநேசன் அண்ணை அவள் பக்கம் திரும்பினார். "நீதானே பிள்ளை வடை சுட்டனான் எண்டு சொன்னனீ?"

"உங்களுக்காகத்தான் சொன்னனான் அண்ணை. இனிச் சொல்லேலாது. எனக்கு இந்தக் கையாலைதான் பிள்ளையைத் தூக்க வேணும்."

பிறகு பின்மேசையிலிருந்து ஒருத்தி, தோசைக்கல் சுட்டது என்று சொன்னவள், "என்ரையும் உருளைதான்" என்றாள். குளியலறையில் விழுந்தவள், தான் விழுந்த இடம் ஆலைக்குள் எந்த வடிகானுக்குப் பக்கத்தில் என்று சொன்னாள். மேலாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கார்த்திக் தன் கைபேசியைக் கேக்குக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். படங்கள் வந்திருந்தன. ஒரு நாட்டில் தடியைச் சப்பாத்து நூலால் கட்டியிருந்தார்கள். இன்னொரு நாட்டில் ஒட்டுநாடா. வேறொரு இடத்தில் பிளாஸ்டிக் பட்டி, வெட்டிய முனையைக்கூட நேர்த்தியாகச் சீவியிருந்தார்கள். ஒரு மெக்கானிக் பெருமையோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டி நின்றார். கட்டாத இடமும் இருந்தது, ஒன்றிரண்டு. ஐரோப்பா முழுவதும் ஒரே கொள்கை என்று சொன்னது சரிதான். நடைமுறையில் இருந்த கொள்கை இதுதான்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றார் கார்த்திக். "சத்தியமா தெரியாது."

"பச்சை விளக்கைப் பாத்துக்கொண்டிருந்தால் எப்பிடித் தெரியும் தம்பி" என்றேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தப் பலகையை யோசித்துக் கண்டுபிடித்த ஆள்மேல்தான். நான் ஒருநாளும் சந்திக்காத அந்த ஆள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

கேக்கை ஒருவரும் தொடவில்லை. கண்ணாடிக் கேடயம் கார்த்திக்கின் பையிலேயே திரும்பிப் போனது. பரிசோதகர்கள் வந்து பார்த்து, நிறுத்தியது சரி என்றார்கள். அத்தனை காலம் வராத மெக்கானிக் உடனே வந்தார். தடிக்குள் பழுதாய்க் கிடந்த ஒரு சின்னப் பாகத்தை மாற்றினார். அதன்பின் தேவையில்லாமல் ஒரு தரமும் உருளை நிற்கவில்லை. நான்கு விரல் வெந்தது அந்தச் சின்னப் பாகத்தை மாற்ற ஒருவருக்கும் மனம் வராததால்தான்.

இத்தோடு வென்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தலைமை அலுவலகம் கேக்கை நிறுத்தியது, பலகையைக் கழற்றியது. அடுத்ததாகத் திருத்திய கொள்கை ஒன்றை அனுப்பியது. அதில், இயந்திரத்தை நிறுத்துமுன் மேற்பார்வையாளரின் சம்மதம் பெற வேண்டும் என்று ஒரு வரி. எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டுமாம், பிரதிநிதியும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போடவில்லை. "எல்லாருக்கும் பொதுவாக வேணுமெண்டால், இஞ்சை இருக்கிற உரிமையை அங்கையும் குடுங்கோ. அங்கை இல்லாததை இஞ்சை கொண்டுவராதேங்கோ" என்று கார்த்திக்கிடம் சொன்னேன். அவர் இந்த முறை ப்ரொசீஜர் பேசவில்லை. தலைமை அலுவலகத்தில் அதையே தன் வாயால் சொன்னார், பல தரம் சொன்னார், பதவி உயர்வு தள்ளிப்போனதாகவும் கேள்வி. சில நாடுகளில் அந்த உரிமை வந்திருக்கிறது. சில இடங்களில் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருத்திய கொள்கையில் எங்கள் ஆலைக்கான கோட்டுக்கு மேலே நான் ஓய்வு பெறும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

சுமதியின் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கமாட்டோம் என்றார்கள். தொழிற்சங்கத்தோடு போய் மேலாளர் அறையில் உட்கார்ந்தோம். எழும்பச் சொன்னார்கள், எழும்பவில்லை. கடைசியில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவளுடைய காயம் வேலைக்காயமாகப் பதிவானது. இரண்டு விரல் இன்றும் முழுதாக மடியாது. சிவநேசன் அண்ணை என்னோடு நெடுங்காலம் பேசவில்லை, கோயிலில் கண்டாலும் வேறு வாசலால் போவார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட வரும்போது, முதலில் உருளைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தடியைத் தொட்டுக் காட்டுவார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது போதும்.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வைத்தார்கள். மார்சிபான் போர்த்து, கொடி குத்தி, எல்லாம் பழையபடி. மேலாளர் நல்ல வார்த்தை சொல்லி முடித்துக் கத்தியை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் மண்டபத்துக்குப் போனேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். உருளை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்துக்கு அப்போது சுமதிதான் பாதுகாப்புப் பிரதிநிதி. விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும், "அக்கா, வேண்டாம்! லொறி நிக்குது!" என்று கத்தினாள்.

நான் ஒற்றை விரலால் தடியைத் தொட்டேன். உருளை நின்றது.

பிறகு போய்க் கேக் வெட்டினேன்.